ஃபேஸ்புக்கா, வாட்ஸ்அப்பா, கூகலா? வீட்டுச் சேவை விற்கும் தனி முகவர் பணத்தை எங்கே போடலாம்

மாதம் 200 வெள்ளி, வாரத்தில் ஐந்தாறு மணி நேரம். சிங்கப்பூரில் வீட்டுச் சேவைகளைக் கமிஷனுக்கு விற்கும் தனி முகவர் இணைய விளம்பரத்துக்கு ஒதுக்க முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். ஏர்கான் பராமரிப்பு ஒப்பந்தம், பூச்சி ஒழிப்பு, வீட்டுச் சுத்தம், நீர் வடிகட்டி, அகன்ற அலைவரிசை, மின்சாரத் திட்டம் என எதை விற்றாலும் நிலைமை ஒன்றுதான். வேலையைச் செய்வது ஒரு நிறுவனம். வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடுப்பது நாம். அந்த 200 வெள்ளியை ஃபேஸ்புக்கில் கொஞ்சம், கரோசலில் கொஞ்சம், டிக்டாக் காணொளி எடுக்க ஒரு வட்ட விளக்கு (ரிங் லைட்) என்று தூவிவிட்டு, மூன்றே மாதத்தில் "ஆன்லைன் எல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டுவதைத்தான் இந்தத் தொழிலில் அதிகம் பார்க்கிறேன்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர் நம்மைத் தேடி வந்தவரா, அல்லது அவர் பாட்டுக்குப் பேரக்குழந்தை படம் பார்த்துக்கொண்டிருந்தபோது நாம் குறுக்கே போய் நின்றோமா? கூகலில் தேடுபவர் முதல் வகை. ஃபேஸ்புக், டிக்டாக், மொத்தமாக அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இரண்டாம் வகை. ஏர்கான் நள்ளிரவில் ஒழுகுகிறது, சமையலறையில் கரப்பான் பெருகிவிட்டது என்றால் ஆள் தேடத்தான் செய்வார். மின்சாரத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று யாரும் நள்ளிரவில் எழுந்து தேடுவதில்லை. அதனால் நாம் விற்கும் பொருளைப் பொறுத்தே விடை மாறும்.

முதலில் யார் பெயரில்?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு தேர்வு இருக்கிறது. பலர் அதைத் தேர்வாகவே நினைப்பதில்லை. சேர்ந்த முதல் நாளே நிறுவனம் ஒரு பக்க இணைப்பு, பத்துப் பதினைந்து போஸ்டர், லோகோ எல்லாம் கொடுத்துவிடும். நாமும் அதையே பகிரத் தொடங்குவோம். நம்மைப் போல இன்னும் முந்நூறு முகவர்களும் அதே போஸ்டரைத்தான் பகிர்வார்கள். பார்ப்பவர் மனத்தில் பதிவது நிறுவனத்தின் பெயர். பிடித்திருந்தால் நேரே நிறுவனத்துக்கே அழைத்துவிடுவார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனையாவது கெட்டிக்காரன் எனலாம்; இங்கே நம் காசில் தேங்காய் வாங்கி அடுத்தவர் பிள்ளையாருக்கு உடைக்கிறோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரரே மின் விற்பனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தை 2018 நவம்பருக்கும் 2019 மே மாதத்துக்கும் இடையில் தீவு முழுவதும் விரிந்தபோது, புளோக் புளோக்காகத் திட்டம் விற்றவர்கள் ஏராளம். 2021 இறுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏற, பல மின் விற்பனை நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கடையை மூடின. வீட்டுக்காரர்களுக்கு மின்சாரம் தடைப்படவில்லை. எஸ்பி குழுமத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறிக்கொண்டார்கள். ஆனால் நிறுவனத்தின் பெயரிலேயே பக்கம் நடத்தி, அதன் பெயரிலேயே விருப்பக் குறிகளும் விமர்சனங்களும் சேர்த்து வைத்த முகவர் கையில் என்ன மிஞ்சும்? தன் பெயரில், "வீட்டுச் செலவைக் குறைத்துத் தருபவர்" என்று அறியப்பட்டவர் அடுத்த மாதம் அகன்ற அலைவரிசை விற்கப் போயிருக்கலாம்.

ஆகவே சொந்தப் பெயர். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. என்னைக் கேட்டால் அந்த 115 வெள்ளியை முதல் மாத விளம்பரக் காசிலிருந்தே எடுத்துக் கட்டிவிடுங்கள். பதிந்தால் தொழில் அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணில் தொழில் வங்கிக் கணக்கும் பேநவ் (PayNow) பணப் பரிமாற்ற வசதியும் வைத்துக்கொண்டால், பணம் அனுப்பும்போது வாடிக்கையாளரின் திரையில் உங்கள் கடைப் பெயரே வரும். அதுவே ஒரு நற்சான்று. நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் அதன் பெயரையும் சின்னத்தையும் எந்த அளவு பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். அதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் "சைடில் பார்ட் டைமாக" இந்த முகவர் வேலையில் இறங்கக் கூடாது. அந்த அனுமதி குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை பார்க்க மட்டும்தான். உங்கள் படமும் தொலைபேசி எண்ணும் போட்ட விளம்பரமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரம்

எல்லோரும் முதலில் போகும் இடம் இது. காசு கட்டினால் ஒரு மணி நேரத்தில் ஆள் பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த வேகம்தான் ஆசை காட்டுகிறது. ஆனால் 200 வெள்ளிக்காரருக்கு இது நான்காவது இடம் என்பேன். முதல் காரணம் கணக்கு.

மூன்று யூனிட் ஏர்கானுக்கு ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் விற்றால் உங்களுக்கு 40 வெள்ளி கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைத் தட்டி வாட்ஸ்அப்பில் வரும் ஒரு விசாரிப்புக்கு 6 வெள்ளி ஆகிறது. விசாரிக்கும் எட்டுப் பேரில் ஒருவர் வாங்குகிறார். 40 வெள்ளி சம்பாதிக்க 48 வெள்ளி செலவு. இந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வழிமுறைதான் முக்கியம். "ஐநூறு பேர் பார்த்தார்கள், முப்பது பேர் லைக் போட்டார்கள்" என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது.

கணக்கைப் புரட்டிப்போடக்கூடியது ஒன்றே ஒன்று: அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கமிஷன் யாருக்கு? உங்களுக்கு என்றால் முதலாண்டில் 8 வெள்ளி நஷ்டப்பட்டாலும் இரண்டாம் ஆண்டில் ஈடுகட்டலாம். புதுப்பித்தலை நிறுவனமே நேரடியாகச் செய்துகொள்ளும் என்றால், கட்டண விளம்பரத்தின் பக்கமே போகாதீர்கள். வியப்பு என்னவென்றால், பல முகவர்கள் இந்தக் கேள்வியை நிறுவனத்திடம் கேட்டதே இல்லை.

இரண்டாவது காரணம் நம்பிக்கை. 2023இல் வீட்டுச் சுத்தம், ஏர்கான் சர்வீஸ், பூச்சி ஒழிப்பு என்று சமூக ஊடகத்தில் மலிவு விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் பேச்சுக் கொடுத்து, "புக்கிங் செய்ய இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று ஆண்ட்ராய்ட் கோப்பு ஒன்றை அனுப்பி வங்கிக் கணக்கைக் காலிசெய்த மோசடிகள் நடந்தன. போலீஸ் பலமுறை எச்சரித்தது. நம் தொழிலின் பெயரையே தூண்டிலில் மாட்டினார்கள். இப்போது நியாயமான ஆள் போடும் விளம்பரமும் அந்த மோசடி விளம்பரமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கின்றன: நீல வானம், பனித்துளி, "யூனிட் 20 வெள்ளி மட்டுமே", வாட்ஸ்அப் பொத்தான். எனவே வாடிக்கையாளரிடம் எந்த இணைப்பையும் தட்டச் சொல்லாதீர்கள், எந்தச் செயலியையும் இறக்கச் சொல்லாதீர்கள், வேலை முடியும் முன் முன்பணம் கேட்காதீர்கள். இதை விளம்பரத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, தமிழர்களை மட்டும் குறிவைக்கலாம் என்ற நினைப்பு. விளம்பரத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு "ரீச் வரலையே" என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ் பேசும் நம்மவர்களிலும் பெரும்பாலோர் கைப்பேசியையும் ஃபேஸ்புக்கையும் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மொழியை வைத்து வடிகட்டினால் ஆளே மிஞ்சமாட்டார். வட்டாரத்தை வைத்து வடிகட்டுங்கள்: வரைபடத்தில் ஈசூனிலோ செங்காங்கிலோ முள்ளைக் குத்திச் சுற்றுவட்டாரம் சில கிலோமீட்டர். தீவு முழுக்க ஓட விட்டால், பாசிர் ரிஸில் இருக்கும் நீங்கள் ஜூரோங் வெஸ்டுக்கு யூனிட் பார்க்கப் போய் வரும் போக்குவரத்தே கமிஷனைத் தின்றுவிடும்.

ஃபேஸ்புக்கில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு நல்ல இடம் வட்டாரக் குழுக்கள். "யாராவது நல்ல ஏர்கான் ஆள் தெரியுமா?" என்று வாரம் ஒருவர் கேட்பார். அங்கே போஸ்டரை ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். கேள்வியைப் படித்துப் பதில் சொல்லுங்கள். ஒழுகல் என்றால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பாக இருக்கும், முதலிலேயே கேஸ் டாப்-அப் என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள் என்று இரண்டு வரி எழுதினால், கேட்டவர் மட்டுமல்ல, கேட்காமல் படித்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் உங்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

டெலிகிராமில் புதிய பிடிஓ (முன்பதிவில் கட்டித் தரும் வீவக வீடு) குடியிருப்புகளின் குழுக்கள் இன்னொரு வாய்ப்பு. சாவி வாங்கும் பருவத்தில் கதவு, கிரில், ஏர்கான், திரைச்சீலை என்று எல்லாவற்றுக்கும் கூட்டாக விலை பேசுவார்கள். விற்பனைக்காரரை உள்ளே விட மாட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்க, இடம் தெரிந்து பேச வேண்டும். தெங்காவில் பல வீடுகளுக்கு எஸ்பி குழுமத்தின் மையக் குளிரூட்டும் முறை இருக்கிறது. அங்கே போய் "சிஸ்டம் 3 (மூன்று யூனிட் ஏர்கான்) பராமரிப்புச் சலுகை" என்று கூவினால் சிரித்துவிட்டு நீக்கிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்

நம்மவர்களுக்கு மிகவும் வசதியான வழி. மிக எளிதாகச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் வழியும் இதுவே.

கோயில் திருவிழாக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, ஊர்ச் சங்கக் குழு ஆகியவற்றிலிருந்து எண்களை அள்ளி ஒரு பட்டியல் செய்து, வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் சலுகைச் செய்தி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. "அழைக்க வேண்டாம்" பதிவேடு 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் பதிந்திருக்கும் சிங்கப்பூர் எண்ணுக்கு, அவருடைய தெளிவான ஒப்புதல் இல்லாமல் விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாது. குறுஞ்செய்திக்கு மட்டும்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. தொலைபேசி எண்ணுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தியும் அதில் அடக்கம். திருவிழாவுக்கு அன்னதானக் கணக்குப் பார்க்கக் கொடுத்த எண்ணை நாம் வியாபாரத்துக்கு எடுத்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் இன்னொரு முனையும் குத்தும்: எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ அதற்கு மட்டும்தான் அந்த எண். சட்டத்தை விடுங்கள், கோயிலில் முகம் பார்த்துப் பேச முடியாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தொழில்நுட்பமும் இதற்குத் துணைநிற்காது. சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அள்ளி வந்த எண்களில் எத்தனை பேர் உங்களைச் சேமித்திருப்பார்கள்? அதனால்தான் "இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை". ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டி அனுப்பினாலோ, செய்தி வந்து சேர்ந்தவர்கள் புகார் தட்ட, எண்ணே முடங்கிப்போகும்.

ஆனால் பழைய வாடிக்கையாளரிடம் பேச இதைவிடச் சிறந்த கருவி இல்லை. என் கணக்கில் கூகலுக்குச் சமமான இடம் இதற்கு உண்டு, அதுவும் செலவே இல்லாமல். செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

"அக்கா வணக்கம், ஏர்கான் தம்பிதான். உங்க வீட்டு மூணு யூனிட்டும் கடைசியா மார்ச்ல சர்வீஸ் பண்ணது. மாஸ்டர் ரூம்ல மட்டும் தண்ணி சொட்டுதுன்னு அப்ப சொன்னீங்க, இப்ப எப்படி இருக்கு? அடுத்த வாரம் புதன், வியாழன் காலைல ஆள் இருக்காங்க. விலை போன தடவை மாதிரியேதான். இந்த மாதிரி ஞாபகப்படுத்துறது வேண்டாம்னா ஒரு வார்த்தை போடுங்க, இனி வராது."

இதில் சலுகை இல்லை, வியப்புக்குறி இல்லை, போஸ்டர் இல்லை. எந்த யூனிட், எந்த மாதம், எந்த நாளில் ஆள் வருவார், வேண்டாம் என்றால் என்ன செய்வது, எல்லாம் இருக்கிறது. இதற்குத் தேவை ஒரு சாதாரண நோட்டு: வீட்டுக்காரர், புளோக், யூனிட் எண்ணிக்கை, கடைசி சர்வீஸ், அவர் சொன்ன குறை. ஒப்புதல் வாங்கிய தேதியையும் ஓரமாக எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் போட்டு வைக்கும் வசதியும் உண்டு. நோட்டே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

குறுஞ்செய்தியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2023 ஜனவரி 31 முதல், பெயரை அனுப்புநராகக் காட்டும் குறுஞ்செய்திகளுக்கு அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரையோடு போய் விழும். தனி முகவருக்கு அது வேண்டாத வேலை.

கூகல் வணிகப் பக்கம்

தேடி வருபவர் இங்கேதான் இருக்கிறார். "ஏர்கான் சர்வீஸ் பொங்கோல்" என்று அடித்ததும் வரைபடத்தோடு மூன்று பெயர்கள் மேலே வருமே, அந்தப் பட்டியல். இலவசம். ஆனால் மெதுவாகத்தான் பலன் தரும். முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், இந்தப் பக்கம் எல்லா முகவருக்கும் கிடைக்காது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்குத்தான் கூகல் இடம் தருகிறது. விசாரிப்பைப் பிடித்து வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதோடு நின்றுவிடுபவருக்கு இடமில்லை என்று அதன் விதியே சொல்கிறது. ஆகவே வீட்டுக்கு நீங்களே போய் யூனிட்டைப் பார்த்து, விலை சொல்லி, வேலை நாளில் ஒரு முறை தலைகாட்டுபவர் என்றால் தாராளமாகத் திறக்கலாம். வீட்டில் உட்கார்ந்துகொண்டே இணைப்பு அனுப்பி மின்சாரத் திட்டமோ அகன்ற அலைவரிசையோ விற்பவர் என்றால் இந்தக் கதவு மூடியது. திறந்தாலும் ஒருநாள் முடக்கப்படும், சேர்த்த விமர்சனங்களும் அதோடு போகும்.

இரண்டாவது தவறு பெயர். "மலிவு ஏர்கான் சர்வீஸ் தெம்பனிஸ் பிடோக் சிறந்தது" என்று தேடுசொற்களையெல்லாம் பெயரில் திணிப்பது விதிமீறல். கடைக்கு என்ன பெயரோ அதுதான். வட்டாரங்களைக் குறிப்பிடத் தனி இடம் இருக்கிறது, 20 வரை சேர்க்கலாம். எல்லாவற்றையும் நிரப்ப ஆசைப்படாமல், உண்மையில் அரை மணியில் போய்ச் சேரக்கூடிய நான்கைந்தைப் போடுங்கள். வீவக வீட்டிலிருந்து தொழில் செய்பவர் வீட்டு முகவரியை மறைத்துவைக்கவும் வழி உண்டு, மறைத்துவிடுங்கள். தொழில் உண்மையானதா என்று சரிபார்க்க அநேகமாகக் காணொளி கேட்பார்கள். கருவிப்பெட்டி, பெயர் போட்ட சட்டை, பதிவுச் சான்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் காட்டும்படி தயாராக இருங்கள்.

படங்கள் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். நிறுவனம் தந்த, யாரோ ஐரோப்பிய முகமுள்ள தொழிலாளி கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் வேண்டாம். கெமிக்கல் வாஷுக்கு முன் கறுத்துப்போன ஃபேன் காயில், பின் வெளுத்த காயில், கீழே விரித்த பிளாஸ்டிக் ஷீட், அதில் தேங்கிய சேற்று நிற நீர்: இந்த நான்கு படம் போதும். வீட்டுக்காரரின் குடும்பப் படமோ கதவு எண்ணோ உள்ளே வந்துவிடாமல் பாருங்கள்.

விமர்சனங்கள்தான் இந்தப் பக்கத்தின் உயிர், அதனால்தான் தில்லுமுல்லும் அங்கேயே அதிகம். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐந்து வெள்ளி தள்ளுபடி என்பது கூகல் விதிப்படி தவறு. மச்சான், மாமா, அலுவலக நண்பர் எல்லோரையும் ஒரே மாலையில் எழுத வைப்பது பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே ஒரு கார் பராமரிப்பு நிறுவனம் வாடிக்கையாளர்களின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அவர்கள் அறியாமலே தனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டது. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. நேர்மையான வழி ஒன்றும் கடினமல்ல. வேலை முடிந்து, காற்று குளிர்ந்து, வீட்டம்மா முகத்தில் திருப்தி தெரியும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் விமர்சன இணைப்பை அனுப்பி, "என்ன வேலை பார்த்தோம்னு ரெண்டு வரி எழுதுங்கக்கா" என்று கேட்பதுதான். "நல்ல சேவை" என்ற விமர்சனத்தைவிட "மூணு யூனிட், ரெண்டு மணி நேரம், மோப் போட்டுட்டுப் போனாங்க" என்ற விமர்சனம் நூறு மடங்கு வேலை செய்யும். அது எந்த மொழியில் இருந்தாலும் சரி. தமிழில் எழுதியதற்குத் தமிழில் பதில் போடுங்கள். அடுத்து வரும் தமிழ் வீட்டுக்காரருக்கு அதுவே அழைப்பு.

குறை சொல்லி வரும் ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதும்போது மட்டும் நிறுவனத்தின் மேல் பழியைத் தூக்கிப் போடாதீர்கள். "ஆள் அனுப்புறது அவங்க, நான் வெறும் முகவர்" என்று ஒரு முறை எழுதினால் அதோடு முடிந்தது. அப்படியானால் உன்னிடம் ஏன் வர வேண்டும் என்று படிப்பவர் நினைப்பார்.

கரோசல், சொந்த இணையதளம், டிக்டாக்

இவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கரோசலில் ஆள் தேடித்தான் வருகிறார், ஆனால் விலையைத் தேடி வருகிறார். "லாஸ்ட் பிரைஸ்?" என்பதுதான் முதல் செய்தி. ஒரே தடவை செய்யும் வேலைக்கு, அதாவது சோபா சுத்தம், வீடு காலிசெய்யும் முன் துப்புரவு போன்றவற்றுக்கு, நன்றாக ஓடும். ஆண்டு ஒப்பந்தம் விற்க அது இடமல்ல. அங்கே விலையை மறைத்து "பிஎம் பண்ணுங்க" என்பதுதான் பெரிய தவறு. விலை போடாதவரைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சொந்த இணையதளம் முதலாண்டில் தேவையில்லை. கூகல் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி இணையதளத்தையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு பக்கத் தளமாவது வேண்டும். அப்போது டாட் எஸ்ஜி பெயர் வாங்குங்கள். அதற்குச் சிங்பாஸ் மூலம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பதால் வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கும் கொஞ்சம் உதவும்.

டிக்டாக்கில் காயில் கழுவும் காணொளிகளை லட்சம் பேர் பார்ப்பார்கள். அதில் பலர் ஜொகூருக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், உங்களிடம் வாங்கப் போவதில்லை.

எங்கே போனாலும் பின்தொடரும் இரண்டு தவறுகள்

ஒன்று, நிறுவனத்தின் வீண்பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு பகிர்வது. நீர் வடிகட்டி முகவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் தரத்துக்குள் இருக்கிறது, அப்படியே குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் ஓயாமல் சொல்லிவருகிறது. குழாய் நீர் குடிக்க உகந்ததல்ல என்று விளம்பரம் செய்த வடிகட்டி விற்பனையாளர் ஒருவர் மீது 2024இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. "போஸ்டர் நான் செய்யலையே" என்று சொல்லித் தப்ப முடியாது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் "வழங்குநர்" என்ற சொல், பொருளை வாங்கத் தூண்டி விளம்பரம் செய்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. சுவை, குளிர்ச்சி, கொதிக்க வைக்கும் வேலை மிச்சம் என்று சொல்லி விற்க முடியாத வடிகட்டியை நோய்ப் பயம் காட்டி விற்க வேண்டாம். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாமலே விலையோடு 9 விழுக்காடு சேர்த்துக் கேட்பதும் இதே ரகம்தான்.

இன்னொன்று, சேவையை விட்டுவிட்டு "என்னோடு சேருங்கள், வீட்டிலிருந்தே வருமானம்" என்று ஆள் சேர்க்கத் தொடங்குவது. நேற்று வரை ஏர்கான் பேசிய பக்கம் இன்று கார் சாவி, விமான டிக்கெட் படங்களால் நிரம்பும். பல அடுக்கு விற்பனையையும் பிரமிட் விற்பனையையும் தடை செய்யும் சட்டம் இங்கே 1973இலிருந்து இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, உங்கள் நிறுவனம் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்குள் வந்தாலும் வியாபாரம் படுத்துவிடும். ஏர்கான் ஒழுகுகிறவர் ஆள் சேர்ப்பவரை அழைப்பதில்லை.

ஆகவே யார் எதை எடுப்பது?

ஏர்கான், பூச்சி ஒழிப்பு, குழாய் வேலை போன்ற அவசரச் சேவை விற்று, வீட்டுக்கு நேரில் போகிறவர்: கூகல் பக்கமும் வாட்ஸ்அப் நோட்டும். 200 வெள்ளியில் 115 பதிவுக்கு, மீதியில் பெயர் போட்ட சட்டை. மூன்று மாதத்துக்கு விளம்பரச் செலவு வேண்டாம்.

சுத்தம், சோபா, திரைச்சீலை போன்ற பருவ வேலை விற்பவர்: கரோசலில் வெளிப்படையான விலை, வட்டாரக் குழுக்களில் பதில், பிறகு கூகல்.

மின்சாரம், அகன்ற அலைவரிசை விற்பவர் நிலைதான் கடினம். யாரும் தேட மாட்டார்கள், கூகலும் இடம் தராது. ஒப்பந்தம் முடியும் தேதிதான் உங்கள் மூலதனம். விற்ற ஒவ்வொருவரின் முடிவுத் தேதியையும் நோட்டில் வைத்து, ஒரு மாதம் முன்னதாக, ஒப்புதல் தந்தவருக்கு மட்டும், மூன்று திட்டங்களை ஒப்பிட்டு அனுப்புங்கள். உங்களுக்குக் கமிஷன் வராத திட்டமும் அதில் ஒன்றாக இருக்கட்டும். புதியவர்களைப் பிடிக்க இணையத்தைவிட அறிமுகம்தான் கைகொடுக்கும். கேட்காமல் வீட்டுக் கதவைத் தட்டி விற்றால், வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக 5 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அவராகவே அழைத்து வாங்கிய விற்பனை அவ்வளவு எளிதில் கழன்றுபோகாது.

கட்டண விளம்பரத்துக்கு ஆண்டில் இரண்டு பருவம் மட்டும் ஒதுக்கலாம்: சீனப் புத்தாண்டுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும். வீடே தலைகீழாகும் அந்த வாரங்களில், தேடாதவரும் தேடத் தொடங்குவார். விளம்பரத்தை ஓடவிடும் முன் நிறுவனத்தை அழைத்து, அந்தத் தேதிகளில் எனக்கென்று எத்தனை வேலை நேரம் ஒதுக்குவீர்கள், பண்டிகைக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தாண்டுக்கு முந்தைய வாரம் துப்புரவாளர் கிடைப்பதே அரிது. ஆறு பேருக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் ஆறாவது ஆள் பதிந்த உடனே, இரவு பதினோரு மணியானாலும், விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டும்.